மானிப்பாய் வைத்தியர் கிறீன்

கார்டன் ரீச்சில் குடியிருக்கும் நமக்கு ஹூக்ளி ஆறு நாள்தோறும் கண்ணில் படும் பொருளாகிவிட்டது. ஆதலால் அதன் பழைமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கல்கத்தாத் துறையை நாடி வந்த மரக்கலம் ஒவ்வொன்றும் நம் குடியிருப்பின் கரையோரமாகவே சென்றிருத்தல் வேண்டும். 1812-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்வாறு சென்ற கப்பல் ஒன்றின் பெயர் காரவான். அது புறப்பட்ட ஊர் சேலம். நம் சேலம் அன்று, அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள துறைமுகப் பட்டினம். அக்கப்பலில் ஜட்சன், நியூவெல் என்னும் இளம் பாதிரிமார் இருவர் தத்தம் மனைவியரோடு வந்தனர். கிழக்கிந்தியக் கும்பினியார் அவர்களை இந்நாட்டில் தங்க விடவில்லை. ஜட்சன் முடிவில் பர்மா போய்ச் சேர்ந்தார். நியூவெல் மொரீஷியஸ் தீவுக்குக் கப்பலேறி, கடலில் குழந்தையையும் தீவில் மனைவியையும் பறிகொடுத்து, 1813-இல் தனியராய் இலங்கையில் இறங்கினார். யாழ்ப்பாணத்துத் தமிழரிடையே பணி செய்ய வாய்ப்புண்டு என்னும் செய்தி அவர் மூலமாகவே அமெரிக்காவுக்கு எட்டியது. 1816-இல் அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்தில் கால் வைத்தனர்.

நம் ஆற்றிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அந்தப் பயணத்தின் பயனாக யாழ்ப்பாணத் தமிழர்க்குக் கிடைத்த நன்மைகள் பல. அவற்றுள் ஒன்றைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன். அது சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியரின் வாழ்க்கை. அவர் பெயர் யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து வேலை தேடி வங்கம் வந்த நம்மில் பலர் அதனைக் கேட்டிருக்க மாட்டோம்.

இதனை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்த நம் தாய்மார் மருத்துவமனையில் வைத்தியர் எதிரே நிற்கும்போது படும் பாட்டை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வயிற்றில் எந்த இடத்தில் எவ்வகை வலி என்று சொல்ல அவர்க்கு வங்காளமும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. உடன் சென்ற மகனோ மருமகளோ மொழிபெயர்த்துச் சொல்ல முயல்வர். அவர்க்கும் அந்தச் சொற்கள் இரு மொழியிலும் கிட்டுவதில்லை. பத்தாம் வகுப்பு வரை அறிவியல் படித்த பிள்ளைகூட மண்ணீரல் எது, கணையம் எது என்று தமிழில் கேட்டால் விழிக்கிறது. உடலைப் பற்றிய அறிவு தமிழில் இருக்க இடமில்லை என்று நாமாகவே முடிவு செய்துகொண்டோம். ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் அமெரிக்கர் இதற்கு நேர்மாறாக எண்ணினார். எண்ணியதோடு நில்லாமல் செய்தும் காட்டினார்.

கிறீன் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரை அடுத்த கிறீன் ஹில் என்னும் குடும்பப் பண்ணையில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். பதினொரு மக்களுள் இவர் எட்டாமவர். சிறு வயதிலேயே அன்னையை இழந்தார். இவருடைய தமையனார் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் பிற்காலத்தில் நியூயார்க் நகரத்து மத்தியப் பூங்காவை உருவாக்கியவருள் ஒருவராய், சிதறிக் கிடந்த நகராட்சிகளை ஒன்றாக்கிப் பெருநகராக அமைத்தவராய்ப் புகழ் பெற்றார். தம்பியார் நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். அண்ணனைப் போல் அந்நகரிலேயே தங்கியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவர் அமெரிக்க மிஷனில் சேர்ந்து யாழ்ப்பாணம் செல்ல முன்வந்தார்.

1847 ஏப்ரல் மாதத்தில் பாஸ்டன் துறைமுகத்தில் அவர் கப்பலேறினார். அதே ஏப்ரல் மாதத்தில் எதிர்த் திசையிலிருந்து வந்த வேறொரு கப்பல் நியூயார்க்கை அடைந்தது. அதில் யுங் விங் என்னும் சீனச் சிறுவரும் அவர் தோழர் இருவரும், தம் ஆசிரியரான அமெரிக்கப் பாதிரியாரின் துணையோடு, கல்வி கற்க வந்தனர். யுங் விங் 1854-இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதற் சீனர் அவரே. பின்னர்த் தம் அரசை இணங்க வைத்து, 1872 முதல் நான்கு தவணைகளாகச் சீனச் சிறுவர் 120 பேரை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தார். பிள்ளைகள் தலைப்பின்னலை வெறுத்துப் பந்து விளையாடி அமெரிக்கராகவே மாறிவருகின்றனர் என்று பெய்ஜிங் அதிகாரிகள் அஞ்சினர். 1881-இல் அனைவரையும் திருப்பி அழைத்துக்கொண்டனர். பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பி அந்நிய மொழியில் கற்பித்தல் ஒரு வழி. அறிவை ஊர் தேடிக் கொண்டுவந்து ஊர்மொழியிலே கற்பித்தல் மற்றொரு வழி. முதல் வழியில் சீனர் சென்ற அதே காலத்தில் இரண்டாம் வழியை யாழ்ப்பாணத்தில் கிறீன் வகுத்தார். சீனத்திலும் அவ்வழியை மேற்கொண்ட அமெரிக்க வைத்தியர் இருந்தனர் என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவந்த கப்பல் அது. சூயஸ் கால்வாய் அன்று வெட்டப்படவில்லை. ஏறக்குறைய ஆறு மாதப் பயணத்தின் பின் 1847 அக்டோபரில் கிறீன் யாழ்ப்பாணம் சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டையில் தங்கினார். அங்கே 1823-இல் மிஷனார் தொடங்கிய செமினரி என்னும் உயர்கல்விக் கூடம் ஆசியாவெங்கும் பெயர் பெற்றிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857-இல் தேறிய இருவரும் அங்கே பயின்ற யாழ்ப்பாணத்தவரே. அவருள் ஒருவர், சங்க நூல்களை அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை, மற்றவர் கறல் விசுவநாத பிள்ளை.

கிறீனுக்கு முன்பே வைத்தியர் அங்கு வந்திருந்தனர். பண்டத்தரிப்பில் பணியாற்றிய ஜான் ஸ்கடர் அவருள் முதல்வர். அவர் 1836-இல் சென்னைக்குப் பெயர்ந்தார். அவருடைய பேத்தியாரே வேலூர் மருத்துவமனையை நிறுவிய அய்டா ஸ்கடர். ஹௌராவில் காட்பாடிக்குப் பயணச்சீட்டுக் கேட்டு நிற்கும் வங்காளக் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பண்டத்தரிப்பு நினைவுக்கு வரும். அவ்வரிசையில் நிற்போர் அறியாத தொடர்பு அது.

1848-இல் கிறீன் மானிப்பாய்க்கு மாறினார். அந்த ஊரே பின்னர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வந்த நாள் தொட்டே நோயாளிகள் கூட்டம் கூட்டமாய் வந்தனர். காலையில் மருந்துச் சாலை, பிற்பகலில் வீடுகளுக்குச் செல்லுதல், இடையே தமிழ் படித்தல் என்று அவர் பொழுது கழிந்தது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் அரசாங்க அதிபர் டைக் என்பார் முன்னின்று 1850-இல் ஏற்படுத்திய தர்ம வைத்தியசாலையையும் அவர் மேற்பார்த்தார். அச்சாலையே வளர்ந்து இன்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையாக விளங்குகிறது.

நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு அவர் மகிழ்ந்து போகவில்லை. தாம் ஒருவர் எத்தனை வீட்டுக்குப் போக இயலும் என்று கணக்கிட்டார். அந்நிய நாட்டு வைத்தியர் ஒருவர் இறந்தாலோ ஊர் திரும்பினாலோ அவருடைய கலையும் அவரோடு போய்விடும். ஊருக்கு ஒருவராய்த் தமிழ் வைத்தியர் இருந்தாலன்றி மேனாட்டு மருத்துவம் அம்மண்ணில் வேரூன்றாது. ஆகையால் 1848-லேயே விரல் விட்டு எண்ணத்தக்க சில இளைஞரைச் சேர்த்து வகுப்பைத் தொடங்கிவிட்டார். அவ்வகுப்பு தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே நடந்தது. அவ்விளைஞர் செமினரியில் ஆங்கிலம் கற்றவர். நூல்களும் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன.

இந்த இடத்தில் நாம் வாழும் நகரத்துக்குச் சற்றே திரும்பி வருவோம். இதே கேள்வி கல்கத்தாவிலும் எழுந்ததுண்டு. 1822-இல் கும்பினியார் இங்கே ஒரு மருத்துவக் கல்விச்சாலை தொடங்கி, இந்நாட்டு மொழிகளில் கற்பித்தனர். 1835-இல் அதனை மூடிவிட்டு, ஆங்கிலத்தில் கற்பிக்கும் மருத்துவக் கல்லூரியை நிறுவினர். மறு ஆண்டில் மதுசூதன் குப்தர் அங்கே பிணத்தை அறுத்துச் சோதித்தது பெரும் புரட்சியாகப் பேசப்பட்டது. ஆயினும் ஆங்கிலம் கற்ற வைத்தியர் சிலர் நகரத்துக்கே போதவில்லை. நாட்டுப்புறம் எட்டாத தொலைவில் நின்றது. ஆகவே அதே கல்லூரியில் 1839-இல் இந்துஸ்தானி வகுப்பையும், 1852-இல் வங்காள வகுப்பையும் திறக்க வேண்டியதாயிற்று. வங்காள வகுப்பு பின்னர் ஸியால்தாவுக்குச் சென்று கேம்ப்பெல் பள்ளியாயிற்று. இன்றைய நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவமனை அதன் வழிவந்ததே. ஆளுநர் நாயகமும் பேரரசின் பொருளும் உள்ள கல்கத்தாவே தட்டுத் தடுமாறிச் சென்ற வழியில், மிஷன் தரும் சிறு பணத்தைக் கொண்டு மானிப்பாயில் ஒருவர் நடக்கத் துணிந்தார் என்பதைக் கவனித்தல் வேண்டும்.

தமிழில் நூல் எழுதும் வேலையைக் கிறீன் மிக விரைவிலேயே தொடங்கினார். கட்டர் என்னும் அமெரிக்கர் எழுதிய உடல்நூலைத் தமிழாக்கும் பணியே முதலில் மேற்கொண்டது. 1850-களில் வெளிவந்த அந்நூல் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் எனப் பெயர் பெற்றது. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டா. அங்காதிபாதம் என்பது உடலின் உறுப்பமைப்பு. கேசாதிபாதம் என்று நம் புலவர் தலை முதல் அடி வரை பாடும் வழக்கை அச்சொல் எனக்கு நினைவூட்டுகிறது. சுகரணம் என்பது உறுப்புகள் தொழிற்படும் முறை. உற்பாலனம் என்பது உடலைப் பேணும் நெறி. அடுத்துப் பிள்ளைப்பேறு பற்றிய நூல் ஒன்றும் 1857-இல் வந்தது. தாய்மார் இறப்பும் சிசு இறப்பும் மலிந்திருந்த ஊரில் அந்நூலுக்கு முதலிடம் தந்தது அவருடைய நடைமுறை அறிவைக் காட்டும்.

இடையில் துயரங்களுக்கும் குறைவில்லை. வாந்திபேதி யாழ்ப்பாணத்தை அடிக்கடி சூறையாடிய காலம் அது. செமினரியை உருவாக்கிய பெரியார் டானியல் பூவர் 1855-இல் மானிப்பாயிலேயே அந்நோய்க்கு இரையானார். வீட்டைத் துப்புரவாக வைத்தல், நல்ல நீர் பருகுதல் முதலியவற்றைப் பற்றி எளிய தமிழில் சிறு பிரசுரங்களைக் கிறீன் எழுதி வழங்கினார்; மிஷனாரின் உதயதாரகைப் பத்திரிகையிலும் எழுதினார். 1866-ஐ ஒட்டி மீண்டும் பெருவாரி நோய் வந்தபோது அவருடைய மாணாக்கர் ஊர் ஊராகச் சென்று உழைத்தனர். ஒருவர் இருவராய் வந்த வெள்ளையரால் அது முடிந்திருக்காது.

அதே 1855-இல் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் தலைவர்கள் ஆங்கிலக் கல்வியைக் குறைத்துத் தாய்மொழிக் கல்விக்கு இடம் தர வேண்டும் என்று முடிவு செய்தனர். வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. அம்முடிவைப் பற்றி இன்றும் இரு கருத்து உண்டு. அத்தகைய ஒரு கல்விக்கூடத்தை மூடியது பெருந்தவறு என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் தாய்மொழி பற்றிய கொள்கை கிறீனின் உள்ளத்தில் முன்பே இருந்தது. தலைவர்களின் கட்டளைக்காக அவர் அதனை ஏற்றுக்கொண்டார் என்று கொள்ளுதல் பொருந்தாது.

1857-இல் உடல்நலம் குன்றியமையால் அவர் தாய்நாடு திரும்பினார். 1862-இல் மார்கரெட் என்னும் அம்மையாரை மணந்து, அவரோடு மீண்டும் மானிப்பாய் வந்து சேர்ந்தார். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த காலம் அது. மிஷனுக்கு வரும் பணமும் சுருங்கிவிட்டது. அந்நிலையிலேதான், 1864 அளவில், மருத்துவ வகுப்பை முழுவதும் தமிழில் நடத்தும் முறையை அவர் மேற்கொண்டார்.

எதிர்ப்பு வந்தது. யாரிடமிருந்து என்றால், தமிழரிடமிருந்தே. ஆங்கிலம் கற்ற வைத்தியனுக்கு அரசாங்கத்தில் இடமுண்டு, மாதச் சம்பளம் உண்டு. தமிழில் கற்றவனுக்கு என்ன உண்டு என்று பெற்றோர் கேட்டனர். அக்கேள்வியை இகழ எனக்கு மனம் வரவில்லை. மெட்ரிக்குலேஷன் வரை படித்த ஆங்கிலத்தைக் கொண்டுதான் நானும் ரயில்வேயில் எழுத்தராய்ச் சேர்ந்து பிழைக்கிறேன். இக்குடியிருப்பில் உள்ள தகப்பன்மாருள் பெரும்பாலோர் நிலையும் அதுவே. பிள்ளையின் சோற்றுக்கு வழி பார்ப்பவனை மொழிப்பற்றில்லாதவன் என்று ஏசுவது எளிது. அவன் இடத்தில் நின்று பார்ப்பது அரிது. கிறீன் அவர்களை ஏசவில்லை. தம் மாணாக்கர் அரசாங்க உத்தியோகத்துக்குப் பறந்து போகாமல், தம் ஊரிலே தங்கி, தம் மக்களுக்கே வைத்தியம் பார்த்துப் பிழைக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். தமிழில் கற்றவன் ஊரைவிட்டுப் போக மாட்டான் என்று அவர் கணக்கிட்டார். அக்கணக்குப் பெரிதும் சரியாயிற்று.

உடை, உணவு முதலியவற்றிலும் மாணாக்கர் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்று அவர் விரும்பினார். கிறிஸ்தவராக்க வந்தோமே அன்றி ஐரோப்பியராக்க வரவில்லை என்பது அவர் கருத்து. இதனை மறைக்க வேண்டுவதில்லை. அவர் பாதிரிமாரோடு வந்த வைத்தியர். மக்களைத் தம் சமயத்துக்குத் திருப்புதலும் அவர் நோக்கத்துள் ஒன்று. அதே 1822-இல் நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். கிறீன் மானிப்பாய்க்கு வந்த 1848-இல்தான் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாதிரிமாரின் மதமாற்றத்தை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடியவர் அவர். சமயத்தால் எதிரெதிரே நின்ற இவ்விருவரும் தமிழ் உரைநடைக்கு ஒரே ஊரில், ஒரே காலத்தில் உழைத்தனர். நாவலர் இலக்கணமும் புராணமும் உரைநடையில் தந்தார். கிறீன் எலும்பையும் நரம்பையும் தமிழில் தந்தார். சைவனாகிய நான் இருவர்க்கும் கடமைப்பட்டவனாகவே என்னைக் கருதுகிறேன்.

நூலாக்கும் முறை சொல்லத் தக்கது. கிறீன் தனித்திருந்து எழுதவில்லை. டன்வதர், சாப்மன், வில்லியம் போல் முதலிய மாணாக்கர் அவர்க்குத் துணை. இவை தமிழர் பெயர்தாமோ என்று ஐயுற வேண்டா. மிஷன் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளரின் பெயரைச் சூட்டுவது அக்கால வழக்கம். முன்பு கூறிய விசுவநாத பிள்ளைக்குக் கறல் என்ற முன்பெயர் வந்ததும் அவ்வாறே. மாணாக்கர் மொழிபெயர்த்ததைக் கிறீன் மூலத்தோடு ஒப்புநோக்குவார். தமிழறிந்தோர் நடையைத் திருத்துவர். மீண்டும் கிறீன் பார்ப்பார்.

கலைச்சொற்களுக்கு அவர் ஒரு வரிசை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் தேடுதல். நாட்டு வைத்தியரையும் பழைய வாகடங்களையும் கேட்டல். அங்கே கிட்டாவிடின் வடமொழியில் தேடுதல். அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைத்து எடுத்துக்கொள்ளுதல். கடைசி வகைக்குச் சான்று, வேல்ஸ் என்பாரின் நூலைத் தழுவி 1875-இல் வெளிவந்த வேதியியல் நூல். அதற்கு அவர் இட்ட பெயர் கெமிஸ்தம். இன்று அப்பெயரைக் கேட்டுச் சிலர் நகைக்கலாம். நகைப்பவர் தாம் தமிழில் எழுதிய வேதியியல் நூல் எது என்று காட்டட்டும்! தாம் ஆண்ட சொற்களைத் தொகுத்து அருஞ்சொல் அகராதிகளும் அவர் அச்சிட்டார். சேலத்தில் இராஜாஜி முதலியோர் 1916-இல் தமிழில் அறிவியற் சொற்களுக்கென்று சங்கம் கண்டதற்கு ஏறக்குறைய 40 ஆண்டு முற்பட்டது அம்முயற்சி.

1867-இல் இரணவைத்தியம் வந்தது. துருயிட் என்னும் ஆங்கிலேயர் எழுதிய அறுவை மருத்துவ நூலின் தமிழாக்கம் அது. 1872-இல் மனுஷ அங்காதிபாதம் வந்தது. உலகெங்கும் மருத்துவ மாணாக்கர் இன்றும் பயிலும் கிரேயின் உடற்கூற்று நூலே அதன் மூலம். இலண்டனில் 1858-இல் முதன்முதல் வெளியான அந்நூல் பதினான்கே ஆண்டில் தமிழில் வந்துவிட்டது. அதே ஆண்டில் வைத்தியாகரம் என்னும் பெருநூலும் வெளிவந்தது. ஆகரம் என்பது சுரங்கம், அல்லது நிறைந்த இருப்பிடம். நோய்களையும் அவற்றைத் தீர்க்கும் முறைகளையும் கூறும் அந்நூலுக்கு அது தக்க பெயர். எல்லாம் சேர்த்து 4,000 பக்கத்துக்கு மேற்பட்ட மருத்துவத் தமிழ் அவர் முயற்சியால் அச்சேறியது.

இனிச் சீனத்தைப் பற்றி முன்பு சொன்னதை முடிக்கிறேன். கிறீனை அனுப்பிய அதே மிஷன் 1834-இல் பீட்டர் பார்க்கர் என்னும் வைத்தியரைச் சீனத்துக் கான்டன் நகருக்கு அனுப்பியது. அவர் மறு ஆண்டில் அங்கே கண் மருத்துவமனை திறந்து, சீன இளைஞர்க்கும் பயிற்சி தந்தார். 1851-இல் ஹாப்ஸன் என்னும் ஆங்கிலேய வைத்தியர் சீன மொழியில் உடல்நூல் எழுதி வெளியிட்டார். பூச்சௌ நகரில் பணியாற்றிய ஆஸ்குட் என்னும் அமெரிக்கர் கிரேயின் நூலைச் சீனத்தில் பெயர்த்து முடித்து, அது வெளிவருமுன்பே 1880-இல் மறைந்தார். மக்கள் தொகையிலும் அரசின் வலிமையிலும் நம்மினும் எத்தனையோ மடங்கு பெரிய சீனத்துக்கு அந்நூல் கிடைப்பதற்குச் சில ஆண்டு முன்பே, ஒரு சிறு தீபகற்பத்துத் தமிழர்க்கு அது கிடைத்துவிட்டது. சீனர் தம் மொழியில் மருத்துவம் கற்பிப்பதைக் கைவிடவில்லை. இன்று அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் சீனமே பயிற்று மொழி. நாமோ தொடங்கியதைத் தொடரவில்லை.

ஏன் தொடரவில்லை என்பதற்கு விடை கடினமன்று. 1870-இல் கொழும்பில் அரசாங்கம் ஆங்கிலத்தில் மருத்துவப் பள்ளி திறந்தது. சம்பளமும் பதவியும் அப்பக்கம் இருந்தன. 1873-இல் உடல் தளர்ந்த கிறீன் மனைவி மக்களோடு தாய்நாடு திரும்பினார். அதுவரை அவரிடம் பயின்று வைத்தியராய் வெளியேறியோர் அறுபதுக்கு மேற்பட்டவர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே பயின்றவர். அவர் சென்ற பின் மானிப்பாயில் மாணாக்கர் சில காலம் வகுப்பை நடத்தினர். பின்னர் அது நின்றது. நூல்கள் அலமாரியில் ஏறின.

ஆனால் கிறீன் நிறுத்தவில்லை. அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுவே. ஊஸ்டரில், தாம் பிறந்த பண்ணை வீட்டில், பனி மூடிய குளிர்காலத்தில் அமர்ந்துகொண்டு அவர் தமிழ்க் கையெழுத்துப் படிகளைத் திருத்தினார். யாழ்ப்பாணத்திலிருந்து மாணாக்கர் அனுப்பிய தாள்கள் கப்பல் தபாலில் பல வாரம் பயணம் செய்து அவர் மேசையை அடையும். திருத்தம் பெற்று அதே வழியில் மீளும். கெமிஸ்தம் அவ்வாறு உருப்பெற்று 1875-இல் நாகர்கோவில் லண்டன் மிஷன் அச்சகத்தில் அச்சாயிற்று. மசசூசெட்ஸ், மானிப்பாய், நாகர்கோவில் என மூன்று ஊர்கள் ஒரு தமிழ் நூலுக்காகத் தாள் பரிமாறிக்கொண்டன. மனுஷ சுகரணம் 1883-இல் வெளிவந்தது. அப்போது அவர்க்கு அகவை அறுபதைக் கடந்துவிட்டது, நோயும் முற்றியிருந்தது. அவரைச் சுற்றி ஒரு தமிழ்ச்சொல் பேசுவார் எவரும் இல்லை. சம்பளம் தருவாரும் இல்லை. தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தும், ஊரைவிட்டு ஆயிரம் கல் தொலைவு வந்ததைக் காரணம் காட்டிப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித்தராத நம் வழக்கத்தை நான் அப்போது நினைத்துக்கொள்கிறேன். என் வீட்டிலும் அக்குறை உண்டு.

1884-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் கிறீன் ஹில் வீட்டிலேயே அவர் உயிர் நீத்தார். அவர் பணி செய்த ஊரில் பின்னர் அவர் பெயரால் எழுந்த மருத்துவமனை இன்றும் கிறீன் நினைவு வைத்தியசாலை என்றே வழங்குகிறது. குடும்பத்தார் கிறீன் ஹில் நிலத்தை ஊஸ்டர் நகரத்தார்க்கு நன்கொடையாக அளித்தனர். இன்று அது பொதுப் பூங்கா.

கல்லறைக் கல்லைப் பற்றி அவர் முன்னரே சொல்லிவைத்திருந்தார். அது எளியதாய், செலவு குறைந்ததாய் இருத்தல் வேண்டும். தம் பெயரும் பிறந்து இறந்த ஆண்டுகளும் தம் சமய நம்பிக்கையைக் காட்டும் ஒரு சிறு தொடரும் போதும். இவற்றோடு ஒரே ஒரு செய்தி மட்டும் பொறிக்கப்பட வேண்டும் என்றார்: தமிழர்க்கு மருத்துவ ஊழியராய் இருந்தவர் என்பது. அவ்வண்ணமே பொறித்தனர். தமிழரைக் கண்டிராத அந்நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் நம் இனத்தின் பெயர் அக்கல்லில் இருக்கிறது.